‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்றவர்களுக்கும் நாலரை நட்சத்திரம் போட்டவர்களுக்கும்

அன்புள்ள திரை விமர்சகர்களே,

வணக்கம். நீங்கள் எந்த மொழியில் எழுதுகிறவர்களாக இருந்தாலும் சரி, பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதினாலும் சரி, கேமரா முன்னால் உட்கார்ந்து ‘முடிவு விளக்கம்’ சொன்னாலும் சரி, இந்த மடல் உங்கள் எல்லாருக்கும்தான். ஒரே ஒரு படத்தைப் பற்றியது. ஜேன் ஷோன்ப்ரன் எழுதி இயக்கிய ‘ஐ சா தி டிவி க்ளோ’. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவின் நள்ளிரவுப் பிரிவில் முதல்முறை காட்டினார்கள். அடுத்த மாதம் பெர்லின் விழாவுக்குப் போனது. மே மாதம் ஏ24 நிறுவனம் அமெரிக்கத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தது. கதையை முழுக்கச் சொல்லித்தான் இதை எழுத முடியும். படம் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பார்த்து முடித்ததும் நண்பர்கள் குழுவில் நான் போட்ட செய்தி இது: “100 நிமிஷம். ஒன்றுமே நடக்கவில்லை.” ஏழெட்டுப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எனக்கும் ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்ட திருப்தி. அப்புறம் உங்கள் விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பாராட்டியிருந்தீர்கள். சாதாரணப் பார்வையாளர்களில் நிறையப் பேர் நான் சொன்னதையே சொல்லியிருந்தார்கள்: பேய்ப்படம் என்றார்கள், பயமே இல்லை, மெதுவாகப் போகிறது, கடைசியில் என்னதான் ஆச்சு?

உங்கள் பாராட்டுகளைப் படித்த பிறகும் என் கருத்து மாறவில்லை. இதுதான் என் முதல் குறை. அழகான ஒளி, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த இரவுகள், அலெக்ஸ் ஜியின் இசை, ஜஸ்டிஸ் ஸ்மித்தின் நடிப்பு என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் “ஒன்றுமே நடக்கவில்லையே” என்று ஒருவன் கேட்டால் அதற்கு என்ன பதில் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பவனைக் கொஞ்சம் ரசனை கெட்டவனாகப் பாவித்துத் தாண்டிப் போய்விட்டீர்கள். இரண்டாவது முறை பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றும் நடக்கவில்லை என்பதே இந்தப் படத்தின் திகில். ரசனை கெட்டவன் வாயிலிருந்து தற்செயலாக வந்துவிட்டது சரியான விமர்சனம். அவனுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

கதையைப் பாருங்கள். 1996. அமெரிக்கப் புறநகர் ஒன்று. ஓவன் ஏழாம் வகுப்பு. தேர்தல் நாளன்று அம்மாவோடு பள்ளிக்கூடத்துக்கு வருகிறான், அங்கேதான் வாக்குச்சாவடி. ஒன்பதாம் வகுப்பு மேடி தரையில் உட்கார்ந்து ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். ‘தி பிங்க் ஒபேக்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயக் கையேடு அது. சனிக்கிழமை இரவு 10:30-க்கு வரும் தொடர். அதற்குள் ஓவன் படுத்துவிட வேண்டும், வீட்டு விதி. நண்பன் வீட்டில் தங்கப்போவதாகப் பொய் சொல்லிவிட்டு மேடியின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறான். பிறகு மேடி ஒவ்வொரு அத்தியாயத்தையும் வீடியோ கேசட்டில் பதிவுசெய்து பள்ளியின் இருட்டறையில் அவனுக்காக வைத்துவிட்டுப் போகிறாள். தொடரில் இசபெல், டாரா என்ற இரண்டு பெண்கள். தூரத்தில் இருந்தாலும் மனத்தால் இணைந்தவர்கள். வாரம் ஒரு பூதத்தோடு சண்டை. எல்லாப் பூதங்களுக்கும் மேலே நிலா முகத்தோடு ‘மிஸ்டர் மெலன்கலி’.

அந்தத் தொடரைப் பற்றி ஓவனின் அப்பா ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார். அது பொண்ணுங்க பார்க்கிறது இல்லையா? படம் முழுக்க அவர் பேசுவதே அவ்வளவுதான் என்று சொல்லலாம். நடித்திருப்பவர் ஃப்ரெட் டர்ஸ்ட், தொண்ணூறுகளில் மேடைகளில் கத்திக் கத்திப் பாடிய ராக் பாடகர். அவரைக் கூட்டிவந்து வாயை மூட வைத்ததை ஒரு நகைச்சுவையாக மட்டும் குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கு அந்த மௌனம் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி கேட்டது.

மேடி ஊரை விட்டு ஓடலாம் என்று கூப்பிடுகிறாள். ஓவன் போகவில்லை. அவள் காணாமல் போகிறாள், அவள் வீட்டுப் பின்புறம் ஒரு டிவி தீப்பிடித்து எரிந்துகொண்டிருக்கிறது. தொடரும் ஐந்தாவது சீசனோடு நின்றுவிடுகிறது. கடைசி அத்தியாயத்தில் இசபெல்லின் இதயத்தைப் பிடுங்கி, அவளை உயிரோடு மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். புதைகுழிக்குள் கிடப்பவளுக்குத் தான் யார் என்பதே மறந்துபோகும். வேறு ஒரு வாழ்க்கையைக் கனவு காண்பாள். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிவரும் மேடி, ஓவனிடம் சொல்லும் செய்தி இதுதான்: அந்தக் கனவுதான் இந்த ஊர். நீதான் இசபெல். நான் என்னையே புதைக்கச் சொல்லி விழித்துக்கொண்டேன், நீயும் வா.

ஓவன் அவளைத் தள்ளிவிட்டு ஓடிவிடுகிறான்.

இதற்கு மேல்தான் “ஒன்றும் நடக்கவில்லை”. அவன் வேலைக்குப் போகிறான். அப்பா இறந்துபோகிறார். மூச்சு வாங்குகிறது, இன்ஹேலர் அடித்துக்கொள்கிறான். எனக்குக் குடும்பம் இருக்கிறது, அவர்களை உயிராக நேசிக்கிறேன் என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறான். அந்தக் குடும்பத்தில் ஒருவர் முகத்தைக்கூடப் படம் காட்டுவதில்லை. வருஷங்கள் நொடிகள் மாதிரி தாவுகின்றன. இருபது வருஷம் ஒரு வெட்டில் போய்விடுகிறது. பூதம் வந்து கழுத்தைக் கடிக்கும் என்று காத்திருந்த நான், அந்த வெட்டிலேயே கடிபட்டுவிட்டதைக் கவனிக்கவில்லை. திகில் படங்களில் நாம் பழகியிருப்பது வேறு. ஏதோ ஒன்று நடந்துவிடுமோ என்று பயப்படுவோம். இங்கே நடக்க வேண்டியது நடக்காமலே ஆயுள் தீர்ந்துவிடுமோ என்பது பயம். இந்த ஒரு வரியை உங்களில் யாராவது முதல் பத்தியில் எழுதியிருந்தால் என் போன்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்திருக்க மாட்டோம். அல்லது பார்த்திருப்போம், ஏன் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்த்திருப்போம்.

சரி, அடுத்த குறைக்கு வருகிறேன். இது கொஞ்சம் கடுமையானது.

“டிவி பார்த்து வளர்ந்த எல்லோருடைய கதை”, “தொண்ணூறுகளின் ஏக்கம்”, “தனிமையில் வளர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும்” என்றெல்லாம் பாராட்டினீர்கள். நல்ல எண்ணம்தான். படத்தை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் வாசலை அகலமாகத் திறக்கப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் திறக்கிற அவசரத்தில் வீட்டுக்காரரையே வெளியே தள்ளிவிட்டீர்கள். இது திருநர் ஒருவர் எடுத்த படம், திருநர் அனுபவத்தைப் பற்றிய படம். ஷோன்ப்ரன் இதை மறைக்கவே இல்லை. தன் உடலுக்கான ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கிய முதல் மாதங்களில் இந்தத் திரைக்கதையை எழுதியதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அங்கே திருநர் மக்களிடையே ‘முட்டை’ என்று ஒரு வழக்கு உண்டு. தான் யார் என்பது இன்னும் தனக்கே தெரியாத நிலையில் இருப்பவர் முட்டை. ஒருநாள் ஓடு விரிசல் விடும். அந்த விரிசலின் படம் இது. இன்னும் சரியாகச் சொன்னால், விரிசல் விட்ட ஓட்டை இரண்டு கையாலும் இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டே கிழவனாகிப்போகிற ஒருவரின் படம்.

இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகிறது என்று என் அனுபவத்திலிருந்தே காட்டுகிறேன். ஓவன் பெரியவனான பிறகு அந்தத் தொடரை இணையத்தில் மறுபடி பார்க்கும் காட்சி இருக்கிறதல்லவா? சின்ன வயதில் உயிரை உலுக்கியது இப்போது குழந்தைத்தனமாக, மலிவாகத் தெரிகிறது. அவனுக்கு வெட்கமாக இருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு என் தொண்ணூறுகள் ஞாபகம் வந்தது. வாரம் ஒருமுறை ராத்திரியில் வந்த மர்மத் தொடர், குதிரைக் குளம்படிச் சத்தம், போர்வைக்குள் ஒளிந்துகொண்டு ஒரு கண்ணால் பார்த்தது. பெயர் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் அதை யூடியூபில் போட்டுப் பார்த்தேன். பின்னணி இசை மட்டும்தான் பழைய ஆளாக இருந்தது. மற்றதெல்லாம் சின்னதாகச் சுருங்கியிருந்தது. ஆகா, இந்தப் படம் என்னைப் பற்றியதல்லவா என்று நினைத்தேன்.

பார்த்தீர்களா, நீங்கள் செய்ததையே நானும் செய்துவிட்டேன். எனக்கு அது ஞாபகம் தேய்ந்துபோன கதை, லேசான வருத்தம், ஒரு டீ குடித்தால் போய்விடும். ஓவனுக்கு அந்தத் தொடர்தான் தான் வேறு ஒருத்தி என்பதற்கு இருந்த ஒரே சாட்சி. அந்தச் சாட்சியும் பொய் என்று அன்றைக்குத் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். என் வருத்தமும் அவன் வருத்தமும் ஒன்று என்று எழுதுவது, குழிமேல் இன்னும் ஒரு கூடை மண்ணைப் போடுவது.

அதற்காக, திருநர் அல்லாதவர்களுக்கு இந்தப் படத்தில் வேலை இல்லை என்று சொல்ல வரவில்லை. என் வருத்தம் வழியாக நான் உள்ளே போனேன், அது பரவாயில்லை. உள்ளே போனபின் இது என் வீடு என்று பட்டா எழுதக் கூடாது. படம் வெளியான நேரத்தில் அமெரிக்காவில் 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட திருநர் பிள்ளைகளுக்கான மருத்துவச் சிகிச்சைக்குத் தடையோ கட்டுப்பாடோ போட்டிருந்தன. 2025 ஜூனில் டென்னசி மாநிலத்தின் அப்படிப்பட்ட சட்டம் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6–3 என்று தீர்ப்புச் சொன்னது. தெருவில் சாக்பீஸால் “இன்னும் நேரமிருக்கிறது” என்று எழுதியிருக்கும் காட்சியை ஊக்க வாசகமாக எடுத்துப்போட்டு மகிழ்ந்தவர்கள், அந்த ‘நேரம்’ அங்கே ஒரு பிள்ளைக்கு என்னவாக இருக்கும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நடுவே ஒரு மொழிச் சிக்கல். ஆங்கிலத்தில் எழுதிய சிலர் ஷோன்ப்ரனை எந்தப் பிரதிப்பெயரால் சுட்டுவது என்று தடுமாறினார்கள். ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று தன்னை அடையாளப்படுத்துபவர் அவர். தமிழில் எழுதுகிற நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. ‘அவர்’ என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மரியாதையும் ஆயிற்று, பாலும் சொல்லவில்லை. ஆனால் ஓவன் விஷயத்தில் நம் மொழி காலை வாருகிறது. இந்த மடல் முழுக்க ‘அவன்’ என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன், கை கூசுகிறது. ‘அவள்’ என்று எழுதினால் படத்தில் நடக்காத ஒரு விடுதலையை நானே கொடுத்ததாகிவிடும். அந்த ஊர், அந்த அப்பா, அந்த வேலையிடம் எல்லாம் கூப்பிடுகிறபடி ‘அவன்’ என்று எழுதும்போது நானும் அந்த ஊர்க்காரனாகிவிடுகிறேன். தமிழில் இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்களில் யாராவது இதற்காக ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தியிருந்தால் எனக்குச் சந்தோஷம்.

அப்புறம் ‘விளக்கம்’ சொல்கிறவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் இதற்கு நேர் எதிர்ப் பக்கம். பால் அடையாளம் பற்றிய உருவகம் என்று முதல் நிமிஷத்திலேயே சரியாகச் சொல்லிவிடுகிறீர்கள். பிறகு குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி கட்டம் கட்டமாக நிரப்ப ஆரம்பிக்கிறீர்கள். புதைகுழி என்றால் இது, இன்ஹேலர் என்றால் அது, நிலா என்றால் இன்னொன்று. தொடரின் பெயர் 1986-இல் வந்த காக்டோ ட்வின்ஸ் என்ற இசைக்குழுவின் தொகுப்பின் பெயர், ஒரு காட்சியில் தலைகாட்டும் ஆம்பர் பென்சன் தொண்ணூறுகளின் புகழ்பெற்ற ரத்தக்காட்டேரித் தொடரில் நடித்தவர், மதுக்கூடத்துப் பாட்டுக் காட்சி இயக்குநர் டேவிட் லிஞ்சுக்கு வணக்கம். எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. நன்றி, அடுத்த வாரம் அடுத்த படம். கட்டங்களை நிரப்பியபின் புதிரை யாரும் வைத்துக்கொள்வதில்லை, பழைய பேப்பரோடு போய்விடும்.

உருவகம் என்று சொன்னதும் எதையோ மறைத்து வைத்திருக்கிறார்கள், நாம் தோண்டி எடுத்துவிட்டோம் என்று ஒரு நினைப்பு வருகிறது. இங்கே மறைப்பதற்கு என்ன இருக்கிறது? விளையாட்டு மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து மேடி ஓவனிடம் நேராகவே கேட்கிறாள், உனக்குப் பையன்களைப் பிடிக்குமா, பெண்களைப் பிடிக்குமா என்று. எனக்கு டிவி நிகழ்ச்சிகளைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன் என்கிறான். அரங்கில் சிரிப்பு வரும் இடம். அடுத்த மூச்சிலேயே, அதையெல்லாம் நினைத்தால் யாரோ மண்வெட்டியால் என் உள்ளே இருப்பதையெல்லாம் தோண்டி எடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும், ஆனாலும் திறந்து பார்க்கப் பயமாக இருக்கிறது என்கிறான். இதற்கு மேல் எப்படி வெளிப்படையாகச் சொல்வது? மண்வெட்டி, தோண்டுவது, திறந்து பார்ப்பது எல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்துவிட்டன. பின்னால் அவை காட்சியாக நடக்கின்றன. படம் தன் வார்த்தையைத் தானே காப்பாற்றுகிறது. நமக்குத் தோண்டும் வேலையே வைக்கவில்லை.

லிஞ்ச் என்று சொன்னதும் உங்கள் தொழிலின் பழைய கதை ஒன்று ஞாபகம் வருகிறது. 1992-இல் அவருடைய ‘ட்வின் பீக்ஸ்: ஃபயர் வாக் வித் மி’ கான் விழாவில் போட்டிப் பிரிவில் காட்டப்பட்டது. தொலைக்காட்சித் தொடரில் பிணமாகவே அறிமுகமான லாரா பாமர் என்ற பள்ளிப் பெண்ணின் கடைசி ஏழு நாட்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் வெளியானபோது சுமார் 40 லட்சம் டாலர்தான் வசூலானது. நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி எழுதிய வரி இன்றைக்கும் பிரபலம்: இதுவரை எடுத்ததிலேயே மோசமான படம் இல்லை இது, அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான். கேட்கச் சுவையான வரி. ஆனால் வீட்டுக்குள்ளேயே, தன் அப்பாவாலேயே சிதைக்கப்படும் ஒரு பெண் தன் முகத்தைத் தானே அடையாளம் காண முடியாமல் தவிப்பதை ஷெரில் லீ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, விமர்சகர்கள் பலரின் கவலை வேறாக இருந்தது. தொடரின் நகைச்சுவை எங்கே, விட்ட முடிச்சுகளை ஏன் அவிழ்க்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2017-இல் முக்கியமான படங்களை வட்டில் வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் அதைச் சிறப்புப் பதிப்பாக வெளியிட்டபோது அது லிஞ்சின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்று சொல்வது சகஜமாகியிருந்தது. 25 வருஷம். அந்தப் பெண்ணை அவள் படும் பாட்டின் பக்கம் நின்று பார்க்க அத்தனை காலம்.

ஷோன்ப்ரனின் படத்தை நீங்கள் அப்படி அடித்து விரட்டவில்லை, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பாராட்டிக்கொண்டேகூட ஒரு படத்தைக் கவனிக்காமல் விட முடியும் என்பதை இந்தத் தடவைதான் கற்றுக்கொண்டேன்.

விருதுக் கணக்கு பெரிதாக ஒன்றுமில்லை. சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, நடிப்பில் இரண்டு என்று, சுயாதீனப் படங்களுக்கான ஸ்பிரிட் விருதுகளுக்கு ஐந்து பரிந்துரை, கையில் கிடைத்தது பூஜ்யம். ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் பெயரே இல்லை. அதே ஆண்டு உடல் கிழிந்து கொட்டும் இன்னொரு திகில் படம் ஐந்து ஆஸ்கர் பரிந்துரை பெற்று ஒப்பனைக்கான விருதையும் வாங்கியது. நல்ல படம்தான், பொறாமையில்லை. மார்ட்டின் ஸ்கோர்செஸி ஒரு பேட்டியில் ஷோன்ப்ரனின் படம் தன்னை மிகவும் தொட்டதாகச் சொன்னார். பெரியவர் சொல்லிவிட்டார் என்றதும் அதுவரை கவனிக்காத சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நம் ஊரிலும் அப்படித்தானே.

கடைசியாக ஒரு விஷயம். எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை கூடிப் படம் பார்க்கும் சின்ன வட்டம் ஒன்று உண்டு. பதினைந்து பேர் வந்தால் பெரிய கூட்டம். இந்தப் படத்தைப் போட்டோம். எனக்கு அது மூன்றாவது முறை. முக்கால்வாசியில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். முடிந்ததும் நான் மேலே எழுதியதில் பாதியை எல்லாரிடமும் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பின் வரிசையில், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் அதிகம் பேச மாட்டார். அன்றைக்குக் கேட்டார்: “தம்பி, எனக்கு அந்தப் பெட்டி, பூதம் எல்லாம் சரியாப் புரியலை. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கடைசியில அந்த ஆள் எதுக்கு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே போறார்?”

அந்தக் காட்சியை நினைவிருக்கிறதா? ஓவன் வேலை பார்க்கும் பொழுதுபோக்குக் கூடம். ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழா. நடுவில் நின்று, காப்பாற்றுங்கள், செத்துக்கொண்டிருக்கிறேன் என்று அலறுகிறான். மற்ற எல்லாரும் சிலையாக உறைந்து நிற்கிறார்கள். பிறகு கழிப்பறைக்குப் போய்த் தன் நெஞ்சைக் கிழித்துத் திறக்கிறான். உள்ளே டிவி வெளிச்சம் மினுங்குகிறது. அதைப் பார்த்தும் விடுகிறான். அதற்குப் பிறகு வெளியே வந்து, தன்னைக் கவனிக்கவே கவனிக்காத ஒவ்வொருவரிடமும், மன்னிச்சிடுங்க, மருந்து மாத்தினாங்க, அதனாலதான் என்று முனகிக்கொண்டே நடக்கிறான். படம் முடிகிறது.

நான் படித்த விமர்சனங்களில் நெஞ்சைத் திறப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. மன்னிப்பைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் யாரும் எழுதியதாக நினைவில்லை. நானும் அதைப் பற்றி ஒன்றும் யோசித்திருக்கவில்லை. எழுந்து போன இரண்டு பேரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவன், அந்தக் கேள்விக்கு முன்னால் அசடு வழிய நின்றேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் வருவார். வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் ஒருவர் ஏன் அப்படி மன்னிப்புக் கேட்கிறார் என்பதை உங்களில் யாராவது எழுதினால் எனக்கு அனுப்புங்கள், அச்செடுத்து அவர் கையில் கொடுக்கிறேன். நட்சத்திரம் எத்தனை என்று போட வேண்டாம், அவருக்கு அது பழக்கமில்லை.

இப்படிக்கு,
முதல் முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த ஒரு பார்வையாளன்